ஈஸ்ட்ஹாம்: அந்தப் பழைய கிராமம் இருந்த இடம் எது? (விவாத இழை)

வைகறை எழுதியது:

லண்டன் ஈஸ்ட்ஹாம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் எல்லாம் ஹைஸ்ட்ரீட் நார்த் கடைத்தெருவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்கு முன்னால் அது எசெக்ஸ் மாவட்டத்துக் கிராமம் என்று ஒரு வரி. "ரயில் வந்தது, நகரமானது" என்று அடுத்த வரி. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: அந்தக் கிராமம் சரியாக எங்கே இருந்தது? இன்றைக்குத் தெருவில் நின்று பார்த்தால் அதில் எது தெரியும்? ரயில்தான் காரணம் என்பது முழு உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

சரளைமேடு எழுதியது:

முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். கிழக்கே ரோடிங் ஆறு, தெற்கே தேம்ஸ். மேற்கே வெஸ்ட்ஹாமைத் தாண்டினால் லீ ஆறு. இந்த மூன்றுக்கும் நடுவே வடக்கில் சரளை மண் மேடு, தெற்கில் வண்டல் படிந்த சதுப்பு. "ஹாம்" என்ற சொல்லே ஆறுகளுக்கு இடைப்பட்ட தாழ்ந்த புல்நிலத்தைக் குறிப்பது. 958-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றில் "ஹாம்மே" என்று ஒரே பெயராகத்தான் வருகிறது. கிழக்கு, மேற்கு என்ற அடைமொழிகள் 12-ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தன.

மக்கள் குடியேறியது சரளையும் சதுப்பும் சந்திக்கும் விளிம்பில். காரணம் எளிது. சரளையில் கிணறு தோண்டலாம், உழலாம், வீடு கட்டினால் அமிழாது. சதுப்பில் மாடு மேய்க்கலாம், வைக்கோல் அறுக்கலாம். இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். அந்த விளிம்பில் இன்றும் நிற்பது செயின்ட் மேரி மக்தலீன் தேவாலயம், ஹைஸ்ட்ரீட் சவுத்தின் தென்கோடியில், ஏ13 நெடுஞ்சாலையின் இரைச்சலுக்குப் பக்கத்தில். ஊரின் மையத்தைத் தேடுகிறவர்கள் ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே தேடுவதால்தான் ஒன்றும் கிடைப்பதில்லை. ஸ்டேஷனிலிருந்து தெற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

தேவாலயம் 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. மக்கள் அமரும் நீள்கூடம், பாடகர் பகுதி, கடைசியில் அரைவட்டமாக வளைந்த பலிபீடப் பகுதி என்று மூன்று உறுப்புகளும் நார்மன் காலத்து அமைப்பிலேயே இருக்கின்றன. லண்டன் எல்லைக்குள் இப்படி முழுதாகத் தப்பியது மிக அரிது. பாடகர் பகுதியின் சுவரில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அரைவட்ட வளைவுகளின் வரிசையைக் கட்டாயம் பாருங்கள். அரைவட்டப் பகுதிக் கூரையின் மரச்சட்டங்களும் நார்மன் காலத்தவை என்று கருதப்படுகின்றன. வெஸ்ட்மோர்லண்ட் பிரபு பட்டத்துக்கு உரிமை கோரிய எட்மண்ட் நெவில் குடும்பத்தின் நினைவுச்சின்னமும் அங்கே இருக்கிறது.

கல்லறை நிலம் ஏறத்தாழ 9 ஏக்கர். ஒரு கிராமத் தேவாலயத்துக்கு இது மிகப் பெரிது. இப்போது இயற்கைப் பாதுகாப்பிடம். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தை முறையாக அளந்து எழுதியவர்களில் முன்னோடியான வில்லியம் ஸ்டூக்லி 1765-இல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். கல் எதுவும் வைக்கக் கூடாது என்பது அவர் விருப்பம். எனவே அவருடைய கல்லறையைத் தேடி அலைய வேண்டாம்.

தண்டவாளம் எழுதியது:

மண் பற்றிய விளக்கம் அருமை. ஆனால் ரயிலைச் சாதாரணமாக ஒதுக்கிவிட வேண்டாம். லண்டன், டில்பரி அண்ட் சவுத்எண்ட் ரயில்வேயின் போ–பார்க்கிங் நேர்ப்பாதை 1858-இல் திறந்தபோதே ஈஸ்ட்ஹாம் ஸ்டேஷனும் வந்துவிட்டது. 1877-இல் அப்டன் பார்க். 1902-இல் லண்டன் பாதாள ரயில் வழிகளில் ஒன்றான டிஸ்ட்ரிக்ட் ரயில்கள் வந்தன, 1905-இல் ஈஸ்ட்ஹாம் வரை மின்சாரம். வீடுகள் பெருகிய காலமும் இதுவே.

பழையவரைபடம் எழுதியது:

மேற்கோள்: "வீடுகள் பெருகிய காலமும் இதுவே."

இங்கேதான் கணக்கு இடிக்கிறது, தண்டவாளம். மக்கள்தொகைக் கணக்கை எடுத்து அருகில் வையுங்கள். 1851-இல் ஈஸ்ட்ஹாமில் 2,000 பேர் கூட இல்லை. ஸ்டேஷன் திறந்து 23 ஆண்டு கழித்து, 1881-இல், ஏறத்தாழ 10,000. அடுத்த பத்தாண்டில் பக்கத்து ஊரான லிட்டில் இல்ஃபோர்டையும் சேர்த்து 32,000-ஐத் தாண்டுகிறது. 1901-இல் 96,000. 1911-இல் 1,33,000. ரயில்தான் காரணம் என்றால் அந்த முதல் 23 ஆண்டு ஏன் இவ்வளவு மந்தம்? ஸ்டேஷனைச் சுற்றி அவ்வளவு காலமும் உருளைக்கிழங்குதான் விளைந்தது.

உருளைக்கிழங்கைச் சும்மா சொல்லவில்லை. 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஈஸ்ட்ஹாம் அதற்குப் பேர்போனது. லண்டன் சந்தைக்குக் கிழங்கு ஏற்றிப்போன வண்டி, திரும்பும்போது நகரத்துக் குதிரை லாயங்களின் எருவோடு வரும். சரளை மண் வெயிலில் சீக்கிரம் காயும், சத்து நிற்காது. அந்த எரு இல்லாமல் அங்கே தோட்டப்பயிர் இல்லை. இந்தச் சுழற்சியில் நல்ல வருமானம் வந்தவரை நிலத்தை வீட்டுக்கு விட நில உடைமையாளருக்கு அவசரம் இல்லை.

நான் காண்கிற காரணங்கள் மூன்று, எடையிலும் இதே வரிசை. ஒன்று, வேலை. 1868-இல் காஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி சதுப்பின் தென்கோடியில் ஆலை கட்டத் தொடங்கி 1870-இல் எரிவாயு உற்பத்தி செய்தது. கம்பெனியின் தலைவர் சைமன் ஆடம்ஸ் பெக். அவர் பெயரால்தான் அந்த இடம் "பெக்டன்". பழைய கிராமப் பெயர் மாதிரி ஒலித்தாலும் அதன் வயது 160 கூட ஆகவில்லை. 1880-இல் ராயல் ஆல்பர்ட் கப்பல்துறை. இரண்டு, மலிவு விலைக் கட்டணம். 1883-ஆம் ஆண்டு மலிவு ரயில் சட்டம் வந்த பிறகுதான் தொழிலாளிக்கான காலை நேரக் குறைந்த கட்டண ரயிலை ஓட்டும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த முடிந்தது. மூன்று, நிலத்தை விட்டுக்கொடுத்த குடும்பங்கள்.

தண்டவாளம் எழுதியது:

1883 சட்டத்தை நீங்களே காரணமாகச் சொல்கிறீர்கள். அது ரயில்தானே? 1858-இன் ரயில் நடுத்தர வகுப்புக்கானது, ஒரு நாளைக்குச் சில வண்டிகள். 1883-க்குப் பிந்தைய ரயில் வேறு சாமான். தண்டவாளம் போட்டது ஊரை மாற்றவில்லை, கட்டண அட்டவணைதான் மாற்றியது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

பழையவரைபடம் எழுதியது:

அந்த வாக்கியத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. அப்படித்தான் எழுத வேண்டும்.

நிலம் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக. ஸ்டேஷனுக்குக் கிழக்கே பெரும்பகுதி பர்ஜஸ் குடும்பத்து நிலம். 18-ஆம் நூற்றாண்டில் அதைச் சேர்த்தவர் யினிர் பர்ஜஸ், கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளப் பட்டுவாடா அதிகாரி. குடும்பத்தின் இன்னொரு வேர் அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில், காசில்கால்ஃபீல்டு அருகே பார்க்கனார் மாளிகையில். இப்போது ஈஸ்ட்ஹாம் தெரு வரைபடத்தைத் திறந்து பாருங்கள்: பர்ஜஸ் ரோடு, கால்ஃபீல்டு ரோடு, ஆல்ட்மோர் அவென்யூ. கடைசி இரண்டும் டைரோன் பக்கத்து ஊர்ப்பெயர்கள். நிலம் யாருடையது என்பதைத் தெருப்பலகையே சொல்லிவிடுகிறது.

அந்தப் பகுதித் தெருக்கள் ஏன் நீளமாக, நேராக, ஒரே இடைவெளியில் போகின்றன என்று கேட்பார்கள். ஒரே உடைமையாளர் கையில் பெரிய நிலம் இருந்தால் அளவையர் ஒரே தடவையில் கோடு போடலாம். மேற்கே கிரீன் ஸ்ட்ரீட் பக்கம் வந்தால் தெருக்கள் சிறு சிறு துண்டாக, ஒன்றோடொன்று பொருந்தாமல் முட்டி நிற்கும். அங்கே நிலம் பல கைகளில் இருந்தது. இரண்டு தோட்டங்களுக்கு நடுவே இருந்த வேலியோ வாய்க்காலோதான் இன்றைய முட்டுச்சந்து.

குறிஞ்சி எழுதியது:

அப்படியானால் கிராமக் காலத்துப் பழைய சாலைகள் எவை, வீடு கட்டும்போது போட்டவை எவை என்று எப்படிப் பிரிப்பது?

பழையவரைபடம் எழுதியது:

வளைவுதான் முதல் அடையாளம். கிரீன் ஸ்ட்ரீட் நெளிந்து நெளிந்து போகிறது பாருங்கள், அது ஈஸ்ட்ஹாமுக்கும் வெஸ்ட்ஹாமுக்கும் எல்லை. இரு பக்கத்துக்காரர்களும் தத்தம் வயலைக் காப்பாற்றிக்கொண்டே போட்ட பாதை நேராக இருக்காது. அந்த எல்லைக்குக் கிழக்கே இருந்ததால்தான் வெஸ்ட்ஹாம் யுனைடெட் கால்பந்து அணி 1904 முதல் 2016 வரை ஆடிய மைதானம் உண்மையில் ஈஸ்ட்ஹாம் எல்லைக்குள் இருந்தது.

ஹைஸ்ட்ரீட் நார்த்தும் சவுத்தும் சேர்ந்து ஒரே பழைய பாதை. வடக்கே ரோம்ஃபோர்டு ரோடு, அது ரோமர் காலத்து கோல்செஸ்டர் சாலை. அங்கிருந்து தேவாலயம் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர். மேய்ச்சலுக்கு மாடு ஓட்டிப்போகும் பாதையும் அதுவே. அதைக் குறுக்கே வெட்டும் பார்க்கிங் ரோடு மட்டும் ரொம்பப் புதிது: 1810 வாக்கில், கிழக்கிந்தியக் கப்பல்துறையை எசெக்ஸோடு இணைக்கப் போட்ட சுங்கச்சாலை. அதனால்தான் அது அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேராகக் கிடக்கிறது. இரண்டும் சந்திக்கும் முனையில் டவுன்ஹால் வந்தது தற்செயல் இல்லை.

வரைபடத்தைப் பார்க்கும் முறை:

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் பிரிட்டிஷ் அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின், மைலுக்கு 25 அங்குல அளவுகோல் வரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன. 1860-கள், 1890-கள், 1910-கள் என்று மூன்று காலத்து அளவீடுகளை வரிசையாகப் பாருங்கள். இன்றைய செயற்கைக்கோள் படத்தை மேலே போட்டு ஒளிபுகும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதற்கும் முந்தையது வேண்டும் என்றால் சாப்மனும் ஆண்ட்ரேயும் வெளியிட்ட 1777-ஆம் ஆண்டு எசெக்ஸ் வரைபடம், மைலுக்கு 2 அங்குலம். அந்த அளவுகோலில் தெருவை நம்பலாம், தனி வீட்டின் இடத்தை நம்பக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. வரைபடத்தாளின் ஓரத்தில் அச்சடித்த ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு. இடையில் சில ஆண்டு இடைவெளி இருக்கும். 1890-களில் ஈஸ்ட்ஹாமில் அந்தச் சில ஆண்டில் முழுத் தெருக்களே எழுந்துவிட்டன. அளந்த ஆண்டைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரசடி எழுதியது:

பேர்களைப் பற்றிக் கொஞ்சம் நானும் சொல்லுறன். அங்கே ஒரு ஊர் மட்டும் இல்லை, சிற்றூர்கள் பலது இருந்தது. தேவாலயப் பக்கம் ஒன்று, வடக்கே நார்த் எண்ட், கிழக்கே வால் எண்ட், மேற்கே பிளாஷெட், கிரீன் ஸ்ட்ரீட். "வால் எண்ட்" எண்டால் ஆற்றங்கரைச் சுவர் முடியிற இடம். ரோடிங் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டின மண் அணையைத்தான் சுவர் எண்டு சொன்னவை. "பிளாஷெட்" பழைய பிரெஞ்சுச் சொல், கொப்புகளைப் பின்னி அடைச்ச வேலிக்குள்ள இருக்கிற காடு. எங்கட ஊரில கதியால் வேலி போடுற மாதிரி யோசிச்சுப் பாருங்கோ. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பேர்போன எலிசபெத் ஃபிரை 1809 தொடக்கம் 1829 வரை பிளாஷெட் ஹவுஸிலதான் இருந்தவ. நியூகேட் சிறைக்கு அவ போகத் தொடங்கினது அந்தக் காலத்தில.

இன்னொன்று. லண்டன் ஸ்ரீ முருகன் கோயில் இருக்கிற சர்ச் ரோடு மேனர் பார்க்கில. அந்த ரோட்டில சர்ச் எது எண்டு கேட்டால் பலருக்குத் தெரியாது. அதே ரோட்டில செயின்ட் மேரி எண்ட சின்னத் தேவாலயம் இருக்கு, 12-ஆம் நூற்றாண்டு நீள்கூடம், 18-ஆம் நூற்றாண்டில செங்கல்லால கட்டின கிழக்குப் பகுதி. அது லிட்டில் இல்ஃபோர்டு எண்ட வேற ஊரின்ர கோயில். 1886-இல அந்த ஊரை ஈஸ்ட்ஹாம் நிர்வாகத்தோட சேர்த்தவை. மேனர் பார்க் எண்ட பேர் 1870-களில ரயில் ஸ்டேஷன் திறந்த பிறகு பரவினது, பழைய ஊர்ப்பேரை அது விழுங்கிப்போட்டுது. முருகன் கோயிலுக்குப் போறவை பத்து நிமிசம் அந்தச் சின்னத் தேவாலயத்தையும் எட்டிப் பார்க்கலாம்.

வைகறை எழுதியது:

அரசடி அண்ணா, இது எனக்குப் புதிது. நன்றி. ஹைஸ்ட்ரீட் நார்த்துக்குத் தென்னிந்தியர், ஈழத்தமிழர் வந்த வரிசை பற்றியும் சொல்ல முடியுமா?

அரசடி எழுதியது:

சுருக்கமாச் சொல்லுறன், இழை வேற பக்கம் போகக்கூடாது. முதல் வந்தவையில கனபேர் சிங்கப்பூரில இருந்து வந்த மலையாளிகள். பிரித்தானியப் படைத்தளங்களில வேலை செய்தவை, தளம் மூடேக்க இங்க வந்து சேர்ந்தவை. பிறகு 1980-களில இருந்து ஈழத்தமிழர். ஏன் ஈஸ்ட்ஹாம் எண்டால், இந்த இழையில சொன்ன அதே வீடுகள்தான். சின்ன வீடு, அந்தக் காலத்தில மலிவு, வாசலில டிஸ்ட்ரிக்ட் ரயில். கப்பல்துறைகள் 1981-இல மூடுப்பட்டு வேலைகள் போய், பழைய ஆக்கள் எசெக்ஸ் பக்கம் நகர நகர வீடுகள் விலைக்கு வந்தது.

சுண்ணாம்பு எழுதியது:

வீடுகளுக்கு வருகிறேன். இந்தப் புறநகரின் குணம் அதன் தொடர் வீடுகளில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளாமல் பழுது பார்ப்பதால்தான் பாதி வீடுகள் கெடுகின்றன.

1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும் 1877-இல் அரசு வெளியிட்ட மாதிரி விதிகளும்தான் அந்தக் காலத் தெருவின் வடிவத்தை முடிவு செய்தன. வண்டி போகும் புதுத் தெரு குறைந்தது 36 அடி அகலம். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் குறைந்தது 150 சதுர அடி திறந்தவெளி. சுவரடியில் ஈரம் ஏறாத தடுப்படுக்கு. கட்டுமானக்காரர்கள் சிறு முதலாளிகள், ஒரு தடவைக்கு ஆறு முதல் பத்து மனை எடுப்பார்கள். தெருவில் நடக்கும்போது கதவின் மேலுள்ள இலைவடிவக் கல் வேலைப்பாடு எங்கே மாறுகிறது என்று கவனியுங்கள், அங்கே ஆள் மாறியிருக்கிறார். அந்த இலைகளைத் தச்சர் செதுக்கவில்லை, கொத்தர் செதுக்கவில்லை. கடையில் ஆயத்தமாக வாங்கியது.

சுவரைச் சோதிக்கும் வழி: செங்கல் வரிசையில் நீளப்பக்கமும் குறுகிய முனையும் மாறி மாறித் தெரிந்தால் அது 9 அங்குலக் கட்டியான சுவர். உள்ளே இடைவெளி கிடையாது. எல்லாமே நீளப்பக்கமாக இருந்தால் பெரும்பாலும் இரட்டைச் சுவர், முதல் உலகப்போருக்குப் பிந்தியது.

கட்டியான சுவர் மழையைக் கொஞ்சம் உறிஞ்சும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். அதைச் செய்வது செங்கல் மட்டும் அல்ல, நடுவிலுள்ள சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சாந்து உதிர்கிறது என்று சிமென்ட் வைத்துப் பாயிண்டிங் செய்கிறார்கள், அதாவது செங்கல் இடுக்குகளை நிரப்புகிறார்கள். சிமென்ட் செங்கல்லைவிடக் கடினம், நீரை விடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் வழியாகவே போகும், உறைபனியில் அந்த ஈரம் பனிக்கட்டியாகி விரிந்து செங்கல்லின் முகம் செதில் செதிலாக உரியும். சாந்து பத்திரமாக நிற்க, செங்கல் குழியும். ஈஸ்ட்ஹாமில் எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம்.

சரியான முறை: பழைய சாந்தை இடைவெளி அகலத்தின் இரண்டு மடங்கு ஆழத்துக்கு, 20 முதல் 25 மில்லிமீட்டர், கையுளியால் சுரண்டி எடுக்க வேண்டும். சுழலும் வெட்டுக் கருவி கூடாது, அது செங்கல்லின் விளிம்பைத் தின்னும். தூசியைத் துடைத்து நீர் தெளித்து நனைக்க வேண்டும். இயற்கை நீரியல் சுண்ணாம்பு 1 பங்கு, கூரிய மணல் 2½ முதல் 3 பங்கு. மென்மையான லண்டன் மஞ்சள் செங்கல்லுக்கு 2 அல்லது 3.5 வலிமைத் தரம் போதும், 5 வேண்டாம். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் தொடங்கக் கூடாது. சில நாள் ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும். வெயிலிலோ காற்றிலோ சட்டென்று காய்ந்தால் பொடியாகி உதிரும். பலர் சுண்ணாம்பைக் குறை சொல்வது இந்த ஒரு தவற்றால்தான்.

மணிக்கூண்டு எழுதியது:

சுண்ணாம்பு சொன்னதோடு தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னறை மரத்தளத்துக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். வெளிச்சுவரின் அடியில் துளையுள்ள ஏர்பிரிக் வழியே காற்று அதற்குள் ஓடும். வாசலில் கான்கிரீட் போட்டு, தோட்ட மண்ணை உயர்த்தி, அந்தத் துளைகளை மூடிவிடுகிறார்கள். சில ஆண்டில் சட்டங்களின் முனை ஈரம் பிடித்துப் பூஞ்சை வரும். வெளித்தரை மட்டம் தடுப்படுக்குக்கு 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும்.

கூரையும் அப்படியே. மூலத்தில் வேல்ஸ் சிலேட், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ. அதை எடுத்துவிட்டு 45-50 கிலோ கான்கிரீட் ஓடு போட்டால் அந்த மெல்லிய மரச்சட்டம் தொய்யும். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கூரை முகட்டைப் பாருங்கள். நடுவே குழிந்திருந்தால் பெரும்பாலும் அதுவே காரணம்.

குறிஞ்சி எழுதியது:

கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளை ஒன்றாக்குவதற்காகப் புகைபோக்கிச் சுவரை இடிப்பார்களே, அதில் என்ன ஆபத்து?

மணிக்கூண்டு எழுதியது:

கீழே இடித்துவிட்டு மேல்மாடிப் பகுதியை அப்படியே தொங்கவிடுவதுதான் ஆபத்து. மேலே இருக்கும் செங்கல்லின் எடை டன் கணக்கு. ஒன்று கூரை வரை முழுதாக எடுக்க வேண்டும், அல்லது பொறியாளர் கணக்கிட்ட இரும்பு உத்தரம் வேண்டும். அடுத்த வீட்டின் புகைபோக்கியும் அதே சுவரில் முதுகோடு முதுகாக இருக்கும். அதனால் 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி வேலைக்கு 2 மாதம் முன்னதாக அண்டை வீட்டாருக்கு எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அடித்தளம் தோண்டுவதென்றால் 1 மாதம். கவுன்சிலின் கட்டட விதி ஒப்புதல் இதற்கு வெளியே தனி.

வைகறை எழுதியது:

வீடு பற்றி நிறையக் கிடைத்துவிட்டது. சரளைமேடு ஐயா, அந்தத் தெற்குச் சதுப்பைப் பாதியில் விட்டுவிட்டீர்களே?

சரளைமேடு எழுதியது:

வருகிறேன். வடக்கே வீடும் தெற்கே ஆலையும் பிரிந்து நிற்பதை முடிவு செய்தது அந்த வண்டல்தான். மெத்தென்ற வண்டலில் தொடர் வீடு நிற்காது, ஆனால் கப்பல் வந்து நிற்க ஆற்றங்கரை இருக்கிறது, நிலம் மலிவு, புகைக்குக் குறை சொல்ல அயலார் இல்லை. எனவே நகரத்துக்கு வேண்டாதவை எல்லாம் அங்கே குவிந்தன.

முதலில் வந்தது கழிவுநீர். ஜோசப் பஸல்ஜெட் திட்டமிட்ட வடக்குப் பெருங்குழாய் 1860-களில் கட்டப்பட்டது. கழிவு தன் எடையால் தானே ஓட வேண்டும், நிலமோ பள்ளம். அதனால் குழாய்களை மண்மேட்டின் மேல் தூக்கி வைத்துக் கொண்டுபோனார்கள். இறங்குநீர் நேரத்தில் மட்டும் தேம்ஸில் திறந்துவிடுவது ஏற்பாடு, ஏறுநீரில் விட்டால் நகரத்துக்கே திரும்பி வந்துவிடும். அந்த மேடு இன்று "கிரீன்வே" என்ற நடைபாதை. அந்தக் குழாய்க்காகத் தோண்டியபோதுதான் தேவாலயத்துக்கு மேற்கே ரோமர் காலத்து ஈயச் சவப்பெட்டிகளும் கல் பெட்டியும் கிடைத்தன. கிராமத்துக்குப் பல நூற்றாண்டு முன்னாலும் அந்த விளிம்பில் மனிதர் இருந்தார்கள்.

பிறகு எரிவாயு. வடகிழக்கு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த நிலக்கரியைக் காற்றுப்படாத உலைக்கலனில் சுட்டு வாயுவைப் பிரித்தார்கள். எஞ்சியது கோக், தார், அம்மோனியா. உலையடியில் 12 மணி நேர வேலை. 1889-இல் பெக்டன் தொழிலாளி வில் தோர்ன் எரிவாயுத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி, வேலைநிறுத்தம் இல்லாமலே 8 மணி நேரத்தைப் பெற்றுத்தந்தார். அதே ஆண்டின் கப்பல்துறை வேலைநிறுத்தத்துக்கு அது பெரிய ஊக்கம். வட கடல் எரிவாயு வந்ததும் ஆலை 1969-70-இல் நின்றது. ஏ13 பக்கம் "பெக்டன் ஆல்ப்ஸ்" என்று நிற்கும் குன்று இயற்கையானது இல்லை, ஆலைக் கழிவு. அங்கே நிலம் தோண்டுகிற எவரும் மண்ணைச் சோதிக்காமல் தொடங்கக் கூடாது. தாரும் சயனைடும் உள்ள மண் அது.

பழையவரைபடம் எழுதியது:

டவுன்ஹாலைச் சொல்லாமல் விட்டால் குறை. 1878-இல் உள்ளாட்சி வாரியம், 1894-இல் நகர மாவட்டம், 1904-இல் நகராட்சி, 1915-இல் மாவட்ட அந்தஸ்துள்ள நகரம், 1965-இல் வெஸ்ட்ஹாமோடு சேர்ந்து நியூஹாம். 1903-இல் திறந்த டவுன்ஹாலின் கோபுரம் ஏறத்தாழ 45 மீட்டர். நகராட்சி ஆவதற்கு ஓராண்டு முன்பே அவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்பிவிட்டார்கள். எதிர்காலத்தை நம்பிய ஊர் அது. சிவப்புச் செங்கல்லும் சுடுமண் வேலைப்பாடும் அருகே போய்ப் பார்க்கத் தகுந்தவை.

குறிஞ்சி எழுதியது:

குடும்ப ஆவணம், வீட்டு ஆவணம் தேடுகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

பழையவரைபடம் எழுதியது:

எப்போதும் ஒரே இடத்தில்: ஈஸ்ட்ஹாமை லண்டன் என்று நினைத்துத் தேடுவதால். 1965 வரை அது எசெக்ஸ். பிறப்பு, இறப்புப் பதிவு அட்டவணையில் 1900 வாக்கில் ஈஸ்ட்ஹாம் என்று தேடினால் கிடைக்காது, "வெஸ்ட்ஹாம்" பதிவு மாவட்டம் என்று தேட வேண்டும். பழைய நில ஆவணங்களுக்குச் செம்ஸ்ஃபோர்டிலுள்ள எசெக்ஸ் ஆவணக் காப்பகம், கவுன்சில் ஆவணங்களுக்கு நியூஹாம் காப்பகம்.

லண்டன் கவுண்டி கவுன்சிலின் இரண்டாம் உலகப்போர்க் குண்டுச்சேத வரைபடத்தில் ஈஸ்ட்ஹாம் இல்லை, அந்தக் கவுன்சிலின் எல்லைக்கு வெளியே இருந்ததால். ஆனால் நார்த் வுல்விச் இருக்கும். தேம்ஸுக்கு வடகரையில் இருந்தும் அது ஆற்றுக்கு அப்பாலுள்ள வுல்விச்சோடு 1965 வரை சேர்ந்திருந்தது. 1931 மக்கள்தொகைத் தாள்கள் 1942-இல் தீயில் எரிந்துபோயின. 1921 கணக்கெடுப்புக்கு அடுத்து 1939-இல் எடுத்த மக்கள் பதிவேடுதான். பழைய கடிதத்தில் ஈ6 என்று அஞ்சல் எண் இருந்தால் அது 1917-க்குப் பிந்தியது.

வைகறை எழுதியது:

கடைசியாக ஒன்று. ஒரே நாளில் நடந்து பார்க்க வழி சொல்லுங்கள்.

சரளைமேடு எழுதியது:

மேனர் பார்க் ஸ்டேஷனில் இறங்கி அரசடி சொன்ன சர்ச் ரோடு. அங்கிருந்து ஹைஸ்ட்ரீட் நார்த் வழியே தெற்கே ஈஸ்ட்ஹாம் ஸ்டேஷன், வழியில் கிழக்கே திரும்பி பர்ஜஸ் தெருக்களில் ஒரு சுற்று. பார்க்கிங் ரோடு முனையில் டவுன்ஹால். பிறகு ஹைஸ்ட்ரீட் சவுத். சென்ட்ரல் பார்க் 1898-இல் ரான்கிளிஃப் ஹவுஸ் என்ற மாளிகையின் தோட்டத்தில் திறக்கப்பட்டது. கடைசியில் தேவாலயம். நின்று பார்த்து நடந்தால் 4 மணி நேரம் ஆகும். மழை பெய்த மறுநாள் கல்லறை நிலத்துப் பாதை சேறாக இருக்கும், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். தேவாலயத்தின் உட்புறம் எல்லா நாளும் திறந்திருக்காது. வழிபாட்டு நேரத்தை முன்கூட்டியே கேட்டு, வழிபாடு முடிந்த கையோடு அனுமதி கேட்டால் அந்தப் பின்னல் வளைவுகளை நிதானமாகப் பார்க்கலாம். டார்ச் கொண்டுபோங்கள், அரைவட்டப் பகுதியின் கூரைச்சட்டங்கள் இருட்டில் இருக்கின்றன.